வெயிட்லிஸ்ட்டில் பெயர்: காத்திருப்பதா, கையில் உள்ளதில் சேர்வதா?

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டுக்கு மாம்பழமும் எம்பிஏ சேர்க்கை வெயிட்லிஸ்ட்டும் சேர்ந்தே வரும். மாம்பழம் கூடையில் வரும், வெயிட்லிஸ்ட் போனில் வரும். "அக்கா, 212 வந்திருக்கு. இன்னொரு காலேஜ்ல சீட் குடுத்துட்டாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம். என்ன பண்ணட்டும்?" சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொண்டே பல வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். எம்பிஏ படித்தவள் என்பது ஒரு காரணம். நானும் ஒரு பட்டியலில் இரண்டு மாதம் தொங்கியவள் என்பது தெருவுக்கே தெரியும், அது இன்னொரு காரணம்.

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் எண்ணைத்தான் சொல்வார்கள். 212, 48, 903. அது நகருமா நகராதா என்று யாராவது சொல்லிவிட்டால் முடிவெடுத்துவிடலாம் என்று நினைப்பு. எண்ணை நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்பது தேதிகளை. பணம் கட்டக் கடைசித் தேதி எது, கட்டிய பணம் எந்தத் தேதி வரை திரும்பும், வகுப்பு என்றைக்குத் தொடங்குகிறது, வேலையில் நோட்டீஸ் எத்தனை நாள்? இந்த நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னால், பாதிப் பேருக்கு அந்தத் தாளிலேயே பதில் வந்துவிடுகிறது.

## பட்டியல் எப்படி நகர்கிறது

ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் சார்ட் போட்டதும் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பி வரும். கல்லூரிப் பட்டியலில் சார்ட் எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு கல்லூரியில் நீங்கள் கட்டி வைத்த பணமும் தானாகத் திரும்பாது.

ஐஐஎம்களில், அதாவது இந்திய மேலாண்மை நிறுவனங்களில், ஒருவருக்கே இரண்டு மூன்று இடங்களில் அழைப்பு வருவது சாதாரணம். அகமதாபாத்திலோ பெங்களூரிலோ கிடைத்தவர் மற்றதைக் கைவிடுவார். அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார், அவர் விட்டு வந்த இடத்துக்கு வேறொருவர். ஏற்காட்டு மலையில் பெய்த மழை திருமணிமுத்தாறு வழியாகச் சேலத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கிற மாதிரிதான். மேலே இருக்கும் நிறுவனங்களில் பட்டியல் கொஞ்சம்தான் நகரும், சீக்கிரமும் நின்றுவிடும். 2011இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் போன்ற பிற்காலத்து நிறுவனங்களில் நூற்றுக்கணக்கில் நகரும், ஆனால் தாமதமாக. ஆகவே பழைய ஐஐஎம் ஒன்றில் 48 என்பது புதிய ஒன்றில் 300 என்பதைவிடத் தொலைவில் இருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. பொதுப் பிரிவு, ஓபிசி என்சிஎல் (கிரீமி லேயர் அல்லாத ஓபிசி), எஸ்சி, எஸ்டி, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். பக்கத்து வீட்டுப் பையனின் 300க்கும் உங்கள் 300க்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அதே நிறுவனம், அதே பிரிவு, சென்ற ஆண்டு எந்த எண் வரை போனது என்று பாருங்கள். அதையும் முழுக்க நம்பாதீர்கள். இந்த வருடம் இடங்களைக் கூட்டியிருந்தாலோ, முதல் பட்டியலிலேயே அதிகம் பேரைக் கூப்பிட்டிருந்தாலோ கணக்கு மாறிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

தேதிகளைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, திரும்பி வரும் பணம். மூன்றாவது, காத்திருக்கும் கல்லூரிக்கும் கையில் இருக்கும் கல்லூரிக்கும் தரத்தில் உள்ள உண்மையான தூரம். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: வெயிட்லிஸ்ட் என்ற ஒன்றே வந்திராவிட்டால், கையில் உள்ள சீட்டுக்குச் சந்தோஷமாகப் பெட்டி கட்டியிருப்பீர்களா? ஆமாம் என்றால் தூரம் குறைவு. "அதுக்குச் சும்மா அப்ளை பண்ணினேன்க்கா" என்றால் நீங்கள் பிடித்து வைத்திருப்பது சீட் இல்லை, ஒரு ரசீது.

நான்காவது, இப்போது வேலை இருக்கிறதா என்பது. ஐந்தாவது வீடு. அப்பாவும் பெரியப்பாவும் தினமும் "என்ன ஆச்சு" என்று கேட்பதைத் தாங்கும் மனசு எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பட்டியல் நின்றுபோய் விலகியவர்களைவிட வீட்டுத் தொல்லையால் விலகியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

| வழி | முன்னால் தெரியும் செலவு | தெரியாமல் வரும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல் | முன்பணம் | விடுதிப் பணம், அசல் சான்றிதழ், இரண்டாம் கடன் விண்ணப்பம் | கையில் உள்ளதும் ஏற்கத்தக்கது என்பவர்களுக்கு |
| கையில் உள்ளதில் சேர்ந்து முடித்தல் | எதுவுமில்லை | பின்னால் வரும் "ஒருவேளை..." | இரண்டுக்கும் தூரம் குறைவு என்பவர்களுக்கு |
| எங்கும் கட்டாமல் காத்திருத்தல் | எதுவுமில்லை | ஓர் ஆண்டு | வேலையில் இருப்பவர், டான்செட் (தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வு) எழுதியவர் |
| விட்டுவிட்டு மறுபடி எழுதுதல் | தேர்வு, பயிற்சிக் கட்டணம் | மாற்ற முடியாத மதிப்பெண்கள் | இந்த முறை தேர்வில் சறுக்கியவர் |

## சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் "பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திரு" என்று அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனால் அது நல்ல யோசனை ஆகாது. மீதி அரை வாக்கியம் பணம் எப்படித் திரும்பி வரும் என்பது.

ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் ஒரு படிக்கட்டுக் கணக்கு வகுத்தது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுப் பணம், அதற்குப் பின் 90 சதவீதம், 80, 50 என்று இறங்கி, கடைசித் தேதி தாண்டி 30 நாளும் போய்விட்டால் ஒன்றும் கிடையாது. ஐஐஎம்கள் இந்த இரண்டிலும் வராது. அவை 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டத்தின் கீழ் தனியாக இயங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் விலகல் விதி சொந்தமாக உண்டு. சீட் கொடுத்து அனுப்பும் கடிதத்தின் (ஆஃபர் லெட்டர்) கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படியுங்கள்.

விதி ஒரு பக்கம். நடப்பு இன்னொரு பக்கம். நான் சேர்ந்த வருடம் ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டி, சேர்க்கை நாளில் அவர்கள் கேட்டார்கள் என்று பட்டச் சான்றிதழையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் அசலாகக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் வேறோர் இடத்தில் பட்டியல் திறந்து என் முறை வந்தது. விலகுகிறேன் என்றதும் "டைரக்டர் ஊரில் இல்லை" என்ற பாட்டு ஆரம்பமானது. சேலத்திலிருந்து மூன்று முறை போய் வந்தேன். சான்றிதழ் மூன்றாவது பயணத்தில் கிடைத்தது. பணம் ஏழு மாதம் கழித்து வந்தது, விடுதிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு. அந்த விடுதியில் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. அப்போது விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது எனக்கு. இப்போது யாராவது போனால் அச்செடுத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆகவே இந்த வழியில் போவதானால் மூன்று வேலை. கல்விக் கட்டணம் தனி, விடுதி தனி, காப்புத் தொகை தனி என்று ரசீதைப் பிரித்து வாங்குங்கள். விடுதிப் பணத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, கொடுக்க மாட்டோம் என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து கடன். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெயிட்லிஸ்ட் கடிதத்தைக் காட்டினால் எந்த வங்கியும் கடனுக்கு ஒப்புதல் தராது, சேர்க்கைக் கடிதம் வேண்டும். கையில் உள்ள கல்லூரிக்கு ஒப்புதல் வாங்கியிருந்து பட்டியல் திறந்தால், அந்த ஒப்புதல் புதிய கல்லூரிக்குப் பொருந்தாது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வீட்டை ஈடு வைக்கிறீர்கள் என்றால், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வக்கீலின் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாமே வீட்டைப் பற்றியவை, கல்லூரியைப் பற்றியவை இல்லை. அதே கிளையில் போனால் அவற்றை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. இதற்காகவே காத்திருக்கும் நாட்களில் வங்கியை மாற்றாதீர்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் பிஎம் வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தில், அதற்கென உள்ள பட்டியலில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு இலட்சம் வரை என்றால் பத்து இலட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. ஆகவே உங்கள் இரண்டு கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால், கட்டணத்தில் தெரியாத வித்தியாசம் வட்டியில் தெரியும்.

## கையில் உள்ளதில் சேர்ந்து முடித்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்ல முடிவுகள் பலவும் பேச்சே இல்லாமல் எடுக்கப்படுபவை. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ திருச்சியிலோ நல்ல பெயருள்ள ஒரு மேலாண்மைக் கல்லூரி கிடைத்திருக்கிறது. காத்திருப்பது வட இந்தியாவில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன நிறுவனம், கட்டணம் இரண்டு மடங்கு. "ஐஐஎம்" என்ற மூன்று எழுத்தைத் தவிர வேறு எதைச் சொல்லி அதை விரும்புகிறீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை என்றால், பட்டியலிலிருந்து விலகிவிடுங்கள்.

குடும்பத் தொழிலுக்குத் திரும்புவதென்று முடிவெடுத்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஜவ்வரிசி ஆலையோ, தறியோ, வெள்ளியோ, திரும்பி வந்து நிற்கப்போவது இங்கேதான் என்றால், வேலைவாய்ப்பு முகாமில் எந்தக் கம்பெனி வருகிறது என்பதற்காக ஐந்து இலட்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடன் படித்தவர்களின் தொடர்பு பின்னால் வியாபாரத்துக்கு உதவும் என்பது உண்மை. அந்தத் தொடர்பு கோயம்புத்தூரிலேயே கிடைத்தால் இன்னும் அதிகம் உதவும்.

இதன் மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று. ஆகஸ்ட்டில் யாராவது "உன் நம்பர் வரைக்கும் வந்துச்சாமே" என்பார்கள். விலகுபவர்கள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தை மறுபடி திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

## எங்கும் கட்டாமல் காத்திருத்தல்

வேலை இல்லாமல், சீட்டும் இல்லாமல் காத்திருப்பது சூதாட்டம். வேலையில் இருப்பவருக்கு அப்படி இல்லை. பட்டியல் திறந்தால் போகலாம், திறக்காவிட்டால் திங்கட்கிழமை வழக்கம்போல அலுவலகம்.

ஆனால் அந்த வேலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நோட்டீஸ். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து பஸ் ஏறி ஐந்து ரோட்டில் இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் ஐடி கம்பெனியில் இருக்கிறார்கள். 60 நாள், 90 நாள் நோட்டீஸ் அங்கே சாதாரணம். பட்டியல் ஜூன் கடைசியில் திறந்து ஜூலை முதல் வாரம் வகுப்பு என்றால் 90 நாளை எங்கே வைப்பது? ஏப்ரலிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டால் பட்டியல் நகராதபோது இரண்டும் போச்சு. கொடுக்காமல் இருந்தால் மீதி நாளுக்குச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டி வெளியே வர வேண்டும். மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்பார்கள். மேலாளர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும். பதவி உயர்வுப் பட்டியல் வெளிவருவதற்கு முந்தின வாரம் மட்டும் சொல்லாதீர்கள். வேலை ஒப்பந்தத்தைத் திறந்து, நோட்டீஸைப் பணம் கட்டித் தீர்க்க அனுமதி உண்டா, அது உங்கள் விருப்பமா அவர்கள் விருப்பமா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை. அவர்கள் விருப்பம் என்றால், பணம் கையில் இருந்தும் வெளியே வர முடியாமல் போகலாம். அந்தத் தொகையையும் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

வெறுங்கையோடு இருக்கிறோம் என்று நினைக்கும் சிலர் உண்மையில் வெறுங்கை இல்லை. டான்செட் எழுதியவர்கள் அவர்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் அந்தத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் முடிந்துவிடும். எம்பிஏ கலந்தாய்வைக் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும், அது பெரும்பாலும் ஐஐஎம் வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் சூடு பிடிக்கும். அதாவது இரண்டு காலண்டரும் மோதுவதில்லை. வெயிட்லிஸ்ட் முடியும் வரை காத்திருந்து, முடிந்ததும் கலந்தாய்வுக்குப் போகலாம். ஒரு ரூபாய் முன்பணம் இல்லை. கட்டணமும் பலவற்றில் குறைவு. சேலத்துக்குள்ளேயே வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எம்பிஏ கல்லூரிகள் உண்டு. டான்செட்டை "அது நம்ம லெவல் இல்ல" என்று எழுதாமல் விட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

## விட்டுவிட்டு மறுபடி எழுதுதல்

ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் (CAT) மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைச் சுற்றுக்கு மட்டுமே. எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட் (XAT) தேர்வும் அப்படித்தான். அடுத்த ஆண்டு என்றால் மறுபடி நவம்பர் கடைசி, மறுபடி ஜனவரி. வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்கள் கேட்கும் ஜிமேட் (GMAT) எழுதியவர்களுக்கு மட்டும் ஐந்து ஆண்டு செல்லும் மதிப்பெண்.

இதில் யாரும் முதலில் பார்க்காதது, எது மாறும் எது மாறாது என்பது. பல ஐஐஎம்கள் நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் எடை கொடுக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் சறுக்கியவர் எத்தனை முறை கேட் எழுதினாலும் அந்தச் சறுக்கல் கூடவே வரும். ஆகவே கேட்டில் மதிப்பெண் குறைந்ததால் பட்டியலில் விழுந்தீர்கள் என்றால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் உண்டு. கேட் நன்றாக இருந்தும் பழைய மதிப்பெண்ணால் விழுந்தீர்கள் என்றால், அடுத்த ஆண்டும் அதே நிறுவனத்தில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்பீர்கள். நிறுவனத்தை மாற்றுங்கள், தேர்வை அல்ல. இடையில் ஒரு வருடம் வேலை பார்த்தால் அதற்குப் பல இடங்களில் எடை உண்டு. வெறுமனே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நேர்முகத்தில் அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் பத்து நிமிடம் கேட்பார்கள்.

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் குடும்பத்துத் தம்பி ஒருவன் இப்படி ஒரு வருடம் எடுத்துக்கொண்டான். எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டே படிக்கிறேன் என்றான். பழம் பறிக்கும் பருவமும் கேட்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். மதிப்பெண் குறைந்துதான் போனது.

## ஓபிசி சான்றிதழ் பற்றி ஒரு இடைச்செருகல்

எந்த வழியில் போனாலும் இதைப் பாருங்கள். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு. ஐஐஎம்கள் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி என்சிஎல் சான்றிதழ், அவர்கள் சொல்லும் தேதிக்குப் பின் வாங்கியது. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. சென்ற வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு நம்பிக்கையாக இருந்து, பட்டியல் திறந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடியவர்கள் உண்டு. காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

## வெளிநாட்டுப் பட்டியல் வேறு ரகம்

இந்தியாவில் பட்டியல் என்பது எண். கடிதம் எழுதினாலும், தெரிந்தவர் மூலம் சொன்னாலும் ஐஐஎம்மில் 212 என்பது 211 ஆகாது. அமெரிக்க, ஐரோப்பிய பிசினஸ் ஸ்கூல்களில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. வகுப்பில் எப்படிப்பட்டவர்கள் குறைகிறார்கள் என்று பார்த்து எடுப்பார்கள். அதனால் அங்கே காத்திருப்பவர் செய்வதற்கு வேலை உண்டு.

முதலில், கூடுதல் தகவல் அனுப்பலாமா என்று அவர்கள் கடிதத்தில் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அனுப்பாதீர்கள், சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்று ஆகிவிடும். அனுப்பலாம் என்றால் ஒரே கடிதம், ஒரு பக்கம், விண்ணப்பித்த பிறகு என்ன மாறியது என்பது மட்டும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி முதலில் "எனக்கு உங்கள் கல்லூரிதான் கனவு" என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கிழங்குக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டியை ஆலையில் அந்த ஆறு மாதத்தில் அவள்தான் முன்னின்று போட்டு முடித்திருந்தாள். விறகுச் செலவு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கும் நோட்டில் இருந்தது. அதை ஏன் எழுதவில்லை என்றால், "அது வீட்டு வேலைதானேக்கா" என்கிறாள்! கனவு முழுவதையும் எடுத்துவிட்டு அந்தத் தொட்டியை வைத்தோம்.

ஜிமேட்டை மறுபடி எழுதி மதிப்பெண் கூடியிருந்தால் அனுப்பலாம். "இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன்" என்ற வரியை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும்.

செலவுக் கணக்கில் மட்டும் இங்கே என் யோசனை தலைகீழ். சீட்டைப் பிடித்து வைத்துக் காத்திருப்பது உள்ளூரில் மலிவு, வெளிநாட்டில் விலை அதிகம். அங்கே முன்பணம் பெரும்பாலும் திரும்பாது, அது டாலரிலோ யூரோவிலோ போகும். அமெரிக்கா என்றால் கல்லூரி மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் அனுப்பி, அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி, அப்புறம்தான் விசா நேர்முகம். ஆகஸ்ட்டில் வகுப்பு, ஜூலைக் கடைசியில் பட்டியல் திறந்தது என்றால் இடம் கிடைத்தும் விமானம் ஏற முடியாமல் போகலாம். ஆகவே ஜூன் நடுவில் ஒரு தேதியைக் குறித்து, அதைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு, முடியாது என்றால் விலகிவிடுவது நல்லது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு உள்நாட்டில் 5 சதவீதமும் வெளிநாட்டில் 15 சதவீதமும் நாமே போட வேண்டும். அந்த 15ஐ எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் அதே தேதிக்குள் பதில் வேண்டும்.

## பட்டியல் திறக்கும் அன்று

சீட் கொடுத்துக் கடிதம் வந்ததும் பணம் கட்ட இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள். தேதி தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். மின்னஞ்சல் ஸ்பேமில் விழும், அதனால் நிறுவனத்தின் தளத்தில் தினமும் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

மேலே 212 என்று சொன்னாளே, அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தது. ஞாயிறு நள்ளிரவு வரை நேரம். பணம் அப்பா கணக்கில் இருந்தது. அப்பாவின் நெட்பேங்கிங்கில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பை யாரும் ஏற்றி வைக்கவில்லை. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் அதிலும் குறைவாகத்தான் அனுப்ப முடியும் என்றது வங்கி. சரி, காலையில் கிளைக்கே போய்விடலாம் என்றால் அது இரண்டாம் சனிக்கிழமை. சனிக்கிழமை முழுவதும் அப்பா கணக்கிலிருந்து ஒரு பங்கு, சித்தப்பா கணக்கிலிருந்து ஒரு பங்கு என்று அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. மீதிக்கு அம்மாவின் கணக்கு. அம்மாவுக்கு ஓடிபி வரும் போன் அயோத்தியாப்பட்டணத்தில் பாட்டி வீட்டில் இருந்தது. தம்பி பைக்கில் போய் எடுத்து வந்தான். ஞாயிறு இரவு 10:40க்கு ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே, "அக்கா, இன்னொரு காலேஜுக்கு வித்ட்ராயல் லெட்டர் எப்படி எழுதணும்?"